தென்னை மஞ்சளாகுது... ஏ.ஐ-க்குக் காரணம் தெரியுமா? உடுமலை மண்ணுக்குள் ஒரு ரவுண்டு!

உடுமலைப்பேட்டையை விட்டு எந்த ரோட்டில் கிளம்பினாலும் கொஞ்ச நேரத்தில் தென்னந்தோப்பு வந்துவிடும். தூரத்தில் திருமூர்த்தி மலை, பக்கத்தில் பி.ஏ.பி வாய்க்கால், தலைக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அந்தத் தோப்பில் ஒரு மரம் மட்டும் சுணங்கி நிற்கிறது. ஓலை மஞ்சளாகிறது, குரும்பை உதிர்கிறது.

"உரம் பத்தலீங்களாட்டம் இருக்குதுங்க" என்கிறார் ஒருவர். "தண்ணி பத்தல" என்கிறார் இன்னொருவர். "வெள்ளை ஈயா இருக்கும்" என்பவரும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லப் பயப்படும் நாலாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் கேரள வேர் வாடல்.

இப்போது அந்த வீட்டுப் பேரன் மொபைலை எடுத்து, ஓலையை ஒரு க்ளிக் செய்து, ஏ.ஐ-யிடம் கேட்கிறான். ரெண்டு செகண்டில் பதில் வந்துவிடுகிறது. சரி, அந்தப் பதிலை நம்பி முப்பது வருஷ மரத்தை வெட்டலாமா?

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை ஏ.ஐ எப்படிப் படிக்கிறது, எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று தெரிந்தால்தான் இதற்கு பதில் சொல்ல முடியும். வாங்க, மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம்.

நூறு வருஷக் கண்ணாமூச்சி

வேர் வாடல் நோய் முதலில் பதிவானது 1882-ல், கேரளாவின் ஈராற்றுப்பேட்டையில். ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு தென்னைகள் வாடத் தொடங்கின. பூஞ்சையா, பாக்டீரியாவா, வைரஸா, சத்துக் குறைபாடா என்று பல தலைமுறை விஞ்ஞானிகள் தேடினார்கள். உண்மையான வில்லனைப் பார்க்க 1980-கள் வரை, அதாவது ஏறத்தாழ நூறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சிக்கிய அதன் பெயர் பைட்டோபிளாஸ்மா.

பாக்டீரியா குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு வெளிச்சுவர்கூடக் கிடையாது. மரத்தின் உணவுக் குழாய்க்குள் குடியிருக்கும். கண்ணாடி இறக்கைப் பூச்சி, தத்துப்பூச்சி மாதிரியான சாறு உறிஞ்சிகள் இதை மரத்துக்கு மரம் சுமந்து போகும்.

இவ்வளவு நாள் ஏன் சிக்கவில்லை? காரணம் சிம்பிள். இதை லேப்பில் தனியாக வளர்க்க முடியவில்லை. 2004-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் ஒரு பைட்டோபிளாஸ்மாவின் முழு மரபணுத் தொகுப்பையும் முதல்முறையாகப் படித்தபோதுதான் ரகசியம் புரிந்தது. உயிர் வாழ அத்தியாவசியமான பல மரபணுக்கள் அதனிடம் இல்லை. சொந்தமாகச் சமைக்கத் தெரியாமல், மூணு வேளையும் மெஸ்ஸையே நம்பி இருக்கும் பேச்சிலர் மாதிரி! மரத்துக்கு உள்ளே இருக்கும்வரை ராஜா. வெளியே எடுத்து வைத்தால் காலி.

பைட்டோபிளாஸ்மா மட்டும் இப்படி இல்லை. நம் காலடி மண்ணில் இருக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுமே லேப்பில் வளர அடம்பிடிப்பவைதான்.

ஒரு ஸ்பூன் மண்ணில் ஊர்த் திருவிழா

ஒரு கிராம் தோட்டத்து மண்ணில் நூறு கோடியைத் தொடும் அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கலாம். ஆயிரக்கணக்கான இனங்கள். சில காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தரும். சில, மண்ணில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைக்கும். சில நோய் தரும். சில அந்த நோய்க்கிருமியையே அடித்து விரட்டும்.

பழைய முறை என்ன? மண்ணைத் தண்ணீரில் கலக்கி, சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தெளித்து, எது முளைக்கிறதோ அதைப் படிப்பது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களில் நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் இப்படி வளரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஊர்த் திருவிழாவுக்கு வந்த ஆயிரம் பேரில் பத்துப் பேரை மட்டும் பார்த்துவிட்டு, "ஊர் இப்படித்தான்" என்று சொன்ன கதை.

1977-ல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வூஸ் வேறு வழியைக் காட்டினார். உயிரைப் பார்க்காதே, அதன் மரபுக் குறியீட்டைப் படி! எல்லா உயிர்களிலும் இருக்கும் ஒரு பொதுவான மூலக்கூறை ஒப்பிட்டு, பாக்டீரியா மாதிரியே இருந்தாலும் முற்றிலும் வேறான ஆர்க்கியா என்ற உயிர்க்குழு இருப்பதை அவர் கண்டுபிடித்தார். 1998-ல் மெட்டாஜீனோம் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. ஒரு இடத்து மண்ணிலோ தண்ணீரிலோ இருக்கும் எல்லா உயிர்களின் மரபணுக்களையும் மொத்தமாக அள்ளிப் படிப்பதுதான் இது. வளர்க்கவே தேவையில்லை.

இன்றைக்கு டி.என்.ஏ-வைப் படிக்கும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸில்கூட வருகிறது. நானோபோர் வகைக் கருவியில் ஒரு நுண்ணிய துளை வழியாக டி.என்.ஏ இழை போகும்போது மின்னோட்டம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளாக மாற்றித் தருவது ஒரு நியூரல் நெட்வொர்க். ஆக, ஏ.ஐ முதல் படியிலேயே உள்ளே வந்துவிடுகிறது.

கிழிஞ்சு கலந்த மொய் நோட்டு

எழுத்து கிடைத்துவிட்டது. பிரச்னை இனிமேல்தான் ஆரம்பம்.

நம்ம ஊரில் ஒரு முகூர்த்த நாளில் நூறு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு மொய் நோட்டையும் வாங்கி, எல்லாவற்றையும் சுக்குநூறாகக் கிழித்து, ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கியாச்சு. இப்போது எந்தத் துண்டு எந்த நோட்டைச் சேர்ந்தது என்று பிரித்து ஒட்டித் தர வேண்டும். மெட்டாஜீனோம் என்பது இதுதான். வயிற்றில் இருக்கும் சாதாரண ஈ-கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பே சுமார் 46 லட்சம் எழுத்து. பரவலாகப் பயன்படும் கருவிகள் கொடுப்பதோ 150 எழுத்து நீளத் துண்டுகள். அதிலும் ஆயிரக்கணக்கான உயிர்களின் துண்டுகள் கலந்து கிடக்கும்.

மொய் நோட்டை ஒட்ட என்ன செய்வீர்கள்? ஒன்று, கையெழுத்தைப் பார்ப்பீர்கள். ஒரே ஆள் எழுதிய நோட்டில் கையெழுத்து ஒரே மாதிரி இருக்கும். ரெண்டு, எந்தெந்தப் பெயர்கள் சேர்ந்தே வருகின்றன என்று பார்ப்பீர்கள். பல முகூர்த்த நாள் சாக்குகளைக் கொட்டிப் பார்த்தால், ஒரே குடும்பத்து ஆட்கள் ஒன்றாகவே வந்திருப்பார்கள், ஒன்றாகவே வராமல் இருந்திருப்பார்கள்.

ஏ.ஐ-யும் இதையேதான் செய்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் உருவாக்கி 2021-ல் வெளியிட்ட வாம்ப் என்ற மென்பொருள் ஓர் உதாரணம். டி.என்.ஏ துண்டில் எழுத்துகள் எந்த விகிதத்தில் சேர்ந்து வருகின்றன என்பது கையெழுத்து. பல மாதிரிகளில் எந்தத் துண்டுகள் சேர்ந்தே கூடுகின்றன, சேர்ந்தே குறைகின்றன என்பது குடும்பக் கணக்கு. ரெண்டையும் ஒரு நியூரல் நெட்வொர்க்கில் ஊட்டினால், "இந்தத் துண்டெல்லாம் ஒரே உயிரோடது" என்று கட்டுக் கட்டாகப் பிரித்துத் தருகிறது. இதுவரை யாருமே வளர்த்துப் பார்க்காத உயிர்களின் மரபணுத் தொகுப்பும் இப்படிக் கிடைக்கிறது.

கவனிச்சீங்களா? இங்கே ஏ.ஐ என்பது நாம் சாட் பண்ணும் ஏ.ஐ இல்லை. கேள்வி கேட்டால் பதில் எழுதும் ரகம் வேறு. டி.என்.ஏ எழுத்துகளில் ஒழுங்கைத் தேடும் ரகம் வேறு.

இன்னொரு கண்... லென்ஸ்!

டி.என்.ஏ ஒரு வழி. படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி. இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். உடுமலைப் பக்கம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் தெரியாதவர் உண்டா?

பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கதிகலங்க வைக்கும் நோய் பெப்ரின். நோசிமா பாம்பிசிஸ் என்ற நுண்ணுயிர்தான் காரணம். தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டைக்கே போய்விடும். 1860-களில் பிரான்ஸின் பட்டுத் தொழிலே இதனால் ஆட்டம் கண்டபோது, லூயி பாஸ்டர் ஒரு வழி சொன்னார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். பளபளக்கும் முட்டை வடிவ வித்துகள் தெரிந்தால், அது இட்ட முட்டைகளை அழித்துவிடுங்கள். 150 வருஷம் தாண்டியும் இந்த முறையின் அடிப்படை மாறவில்லை.

ஆனால், நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு சைஸ் வித்துகளைத் தேடும் ஆளின் கண் சோர்ந்துபோகும். இந்த இடத்தில்தான் படங்களைப் பார்த்துப் பழகிய ஏ.ஐ கைகொடுக்க முடியும். பெப்ரின் வித்துகளைப் படத்திலேயே அடையாளம் காணும் முறைகளை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீரில் இந்த டெக்னிக் ஏற்கெனவே ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளைத் தானாகவே படமெடுத்து, வகை பிரிக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். 2008-ல் டைனோபைசிஸ் என்ற நச்சுப்பாசி திடீரெனப் பெருகுவதை அது காட்டிக் கொடுத்தது. நிபுணர்கள் உறுதி செய்தார்கள். ஊரே சேர்ந்து சிப்பி சாப்பிடும் திருவிழா நெருங்கிய நேரத்தில் சிப்பி அறுவடையை நிறுத்தினார்கள். அமராவதி, திருமூர்த்தி அணைகள் மாதிரி நிற்கும் தண்ணீரை நம்பி வாழும் ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும் டெக்னாலஜி.

இதுவரை சிக்கிய பெரிய மீன்கள்

* நோயை அடக்கும் மூலக்கூறுகள்: 2024 ஜூனில் செல் ஆய்விதழில் வந்த ஆய்வு இது. மண், கடல், குடல் என்று உலகம் முழுக்க எடுக்கப்பட்ட 63,410 மெட்டாஜீனோம்களையும், 87,920 நுண்ணுயிர் மரபணுத் தொகுப்புகளையும் மெஷின் லேர்னிங் அலசியது. கிருமியை எதிர்க்கக்கூடும் என்று அது கணித்த சிறு புரதங்கள் 8,63,498. அதில் 100-ஐ லேப்பில் செய்து சோதித்தார்கள். 79 வேலை செய்தன. 63 நோய்க்கிருமிகளையே தாக்கின.

* புது வைரஸ்கள்: அதே 2024 அக்டோபரில், லூகாப்ராட் என்ற ஏ.ஐ-யைக் கொண்டு சீன, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1,61,979 ஆர்.என்.ஏ வைரஸ் இனங்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பயப்படாதீங்க, இவை நம்மைத் தாக்க வந்த புது வைரஸ்கள் இல்லை. சுற்றுச்சூழலில் காலங்காலமாக இருந்தவை. நமக்குத்தான் இப்போது தெரிந்திருக்கிறது.

* விண்வெளியில் தமிழ் வாசம்: சர்வதேச விண்வெளி நிலையமும் ஒரு சுற்றுச்சூழல்தானே? அங்கேயும் நுண்ணுயிர்கள் உண்டு. அங்கே கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2017-ல் சோலிபேசில்லஸ் கலாமி என்று அப்துல் கலாம் பெயரை வைத்தது நாசாவின் ஜே.பி.எல் குழு. அந்த ஆய்வுகளை நடத்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன். அவருடைய குழுவும் சென்னை ஐ.ஐ.டி குழுவும் சேர்ந்து, விண்வெளி நிலைய நுண்ணுயிர்களில் யார் யாருக்கு உதவுகிறார், யார் யாரைக் கெடுக்கிறார் என்று கணினி மாதிரிகள் மூலம் கணித்தன. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது அதில் ஒன்று. பிறகு லேப்பிலும் அதை வளர்த்து உறுதி செய்து, 2022-ல் வெளியிட்டார்கள்.

இந்த உதாரணங்களில் ஒரு விஷயம் ஒட்டிக்கொண்டே வருவதைப் பாருங்கள். முதலில் கணினி கை காட்டியது. அப்புறம் மனிதர்கள் லேப்பில் சோதித்தார்கள். எட்டரை லட்சம் கணிப்பில் 79-தான் கையால் தொட்டு உறுதி செய்யப்பட்டவை. மிச்சம் எல்லாம் இன்னும் கணிப்புதான்.

ஏ.ஐ சறுக்கும் நாலு இடங்கள்

1. பேர் தெரியும், வேலை தெரியாது. "உன் மண்ணில் இந்தப் பாக்டீரியா இருக்கு" என்று சொல்லலாம். அது இப்போது வேலை செய்கிறதா, தூங்குகிறதா என்பது வேறு கேள்வி.

2. செத்ததும் கணக்கில் வரும். செத்துப்போன நுண்ணுயிரின் டி.என்.ஏ-வும் மண்ணில் கொஞ்ச காலம் கிடக்கும். படிக்கும் கருவிக்கு உயிருள்ளது, செத்தது எல்லாம் ஒன்றுதான்.

3. சேர்ந்து இருந்தால் காரணம் ஆகாது. வாடிய மரத்தடியில் ஒரு பாக்டீரியா அதிகமாக இருக்கிறது. அதனால் மரம் வாடியதா, மரம் வாடியதால் அது பெருகியதா? ஏ.ஐ இதற்குத் தானாக பதில் சொல்லாது.

4. பார்க்காத ஊருக்கு வழி சொல்லும். நம்மைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது. ஏ.ஐ தனக்கு ஊட்டப்பட்ட டேட்டாவைத்தான் படிக்கும். அந்த டேட்டா எந்த ஊருடையது?

மனித உடலில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றிய பொது டேட்டாவை எடுத்துக்கொள்ளலாம். எந்த நாட்டில் எடுத்தது என்று தெரிந்த மாதிரிகளில் 70 சதவிகிதத்துக்கும் மேல் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவை என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. உலக மக்கள்தொகையில் பெரும்பங்கு இருக்கும் இடங்கள் மீதிச் சின்னப் பங்குக்குள் அடக்கம்.

மண்ணின் கதையிலும் இதே கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். குளிர் நாட்டுக் கோதுமை வயல் மண்ணைப் பார்த்துப் பழகிய ஏ.ஐ-யிடம், வெயிலில் காயும் கொங்கு நாட்டுச் செம்மண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? தெரியாது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. தனக்குத் தெரிந்த பெயரில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதைச் சொல்லிவிடும். அசலூர்க்காரரிடம் நம்ம ஊர் பங்காளி உறவு முறை கேட்ட மாதிரி.

1909-ல் போட்ட எருவு

அப்போ நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. உடுமலையிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில்!

கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நிலம் இருக்கிறது. 1909-ல் அங்கே நிரந்தர உரப் பரிசோதனை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே போடுவதில்லை. ஒரு பாத்திக்குத் தொழு உரம். சில பாத்திகளுக்கு ரசாயன உரம், விதவிதமான சேர்க்கையில். அந்தந்தப் பாத்திக்கு அதே உரம், வருஷா வருஷம், நூறு வருஷத்துக்கும் மேல். பிரிட்டிஷ்காரன் போனான், பல்கலைக்கழகமே 1971-ல்தான் வந்தது, பரிசோதனை மட்டும் நிற்கவில்லை.

இந்தப் பாத்திகளின் மண்ணில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர்கள் மரபணு முறையில் படித்திருக்கிறார்கள். இயற்கை எரு போட்ட பாத்தியிலும், எருவும் உரமும் கலந்து போட்ட பாத்தியிலும் மண்ணின் கரிமச் சத்து, நுண்ணுயிர்களின் அளவு, அவற்றின் செயல்பாடு எல்லாம் எதுவுமே போடாத பாத்தியைவிட மேலே நின்றன.

எருவு போட்டா மண்ணு உசுரோட இருக்கும் என்று அப்புச்சி சொன்னதுதானே என்கிறீர்களா? ஆமாம். ஆனால் ஏ.ஐ-க்கு இந்த நிலம் ஏன் புதையல் என்றால், இங்கே ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் பின்னால் நூறு வருஷக் குறிப்பு இருக்கிறது. என்ன உரம், எவ்வளவு, எப்போது, என்ன பயிர், என்ன விளைச்சல் என்று எல்லாம் எழுத்தில். டி.என்.ஏ-வை இன்றைக்குக் காசு கொடுத்துப் படித்துவிடலாம். ஆனால் 1909-லிருந்து எழுதி வந்த நோட்டை இன்றைக்கு எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து உருவாக்க முடியாது.

குறிப்பு இல்லாத டேட்டா, பேர் எழுதாத மொய்க் கவர் மாதிரி. உள்ளே பணம் இருக்கும். யார் வைத்தது என்று மட்டும் தெரியாது.

மண்ணு நம்மது... டேட்டா யாருது?

இந்திய உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-ல் வந்தது. அதன்படி செடி, விலங்கு மட்டுமல்ல, நுண்ணுயிரும் நாட்டின் உயிரியல் வளம். வெளிநாட்டு நிறுவனம் இங்கிருந்து அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால், தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் அனுமதி தேவை. அதன் தலைமையகம் இருப்பது நம்ம சென்னையில்.

ஆனால் மண்ணை மூட்டை கட்டித் தூக்கிப்போன காலம் மலையேறிவிட்டது. இப்போது டி.என்.ஏ எழுத்தை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டால் உலகில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் ஏ.ஐ ஒரு மருந்தைக் கண்டுபிடித்தால், மண்ணைக் கொடுத்த ஊருக்கு என்ன பங்கு? இந்தக் கேள்விக்கு உலக நாடுகள் யோசித்த ஒரு விடைதான் 2025 பிப்ரவரியில் தொடங்கிய காலி நிதியம். காலி என்பது கொலம்பியாவில் உள்ள ஊர். இயற்கையின் மரபணு டேட்டாவால் சம்பாதிக்கும் நிறுவனங்கள் ஒரு பங்கை இந்த நிதிக்குத் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இந்தியாவும் தன் டேட்டாவைத் தானே சேமிக்க, ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையத்தை 2022 நவம்பரில் திறந்திருக்கிறது. மையம் ரெடி. அதில் நம்ம பக்கத்து மண் எவ்வளவு ஏறப் போகிறது என்பதுதான் விஷயம்.

சரி, ஓலை போட்டோவுக்கு வருவோம்!

பேரன் எடுத்த அந்த போட்டோ... ஜெர்மனியைச் சேர்ந்த நிறுவனத்தின் பிளான்டிக்ஸ் மாதிரி ஆப்கள் தமிழிலேயே பதில் தருகின்றன. மத்திய அரசும் 2024 ஆகஸ்ட்டில் தேசிய பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு என்ற ஏ.ஐ வசதியைத் தொடங்கியது. பயன்படுத்துங்கள், தப்பே இல்லை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அந்த ஏ.ஐ பார்ப்பது ஓலையை. உணவுக் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் பைட்டோபிளாஸ்மாவை இல்லை.

ஓலை ஏன் மஞ்சளாகும்?

* மக்னீசியம் மாதிரி சத்துக் குறைந்தால் ஆகும்.
* வறட்சியில் ஆகும்.
* கானோடெர்மா பூஞ்சையால் வரும் தஞ்சாவூர் வாடல் நோயில் கீழ் ஓலைகள் பழுத்துத் தொங்கும். அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிவது இதற்கான அடையாளம்.
* 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ வந்தால் ஓலை மேல் கரும்பூஞ்சை படரும்.
* வேர் வாடலில் சிற்றிலைகள் உள்பக்கம் வளைந்து, ஓலையே விலா எலும்புக் கூடு மாதிரி தெரியும். மஞ்சளும் ஓரம் கருகுவதும் கூடவே வரலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் ஒரே மரத்தில் இருந்தால், போட்டோ ஏ.ஐ குழம்புவது சகஜம். அதனால் இதுதான் ரூல்: உரம் வைப்பது, தண்ணீர் விடுவது மாதிரி திருத்திக்கொள்ளக்கூடிய முடிவுக்கு ஆப் சொல்வதைக் கேட்டுப் பார்க்கலாம். மரத்தை வெட்டுவது மாதிரி திரும்பப் பெற முடியாத முடிவுக்கு, வேளாண் அலுவலரையோ ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தையோ கேட்காமல் கோடாரியைத் தொடாதீர்கள். வேர் வாடல் உடனே மரத்தைக் கொல்லும் நோய் இல்லை. விளைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய். நிதானமாக உறுதி செய்ய நேரம் இருக்கிறது.

"உங்க மண்ணை ஏ.ஐ-யில் டெஸ்ட் பண்ணினோம். நல்ல பாக்டீரியா கம்மி. இந்த டப்பாவை வாங்குங்க" என்று யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எங்க மண்ணை எந்த ஊர் மண்ணோடு ஒப்பிட்டீங்க? எத்தனை இடத்தில் மண் எடுத்தீங்க? டப்பா போட்ட பாத்தி, போடாத பாத்தி ரெண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவீங்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

நீங்க என்ன பண்ணலாம்?

பாருங்கள்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் இந்தியரான மனு பிரகாஷ் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. மொபைல் கேமராவோடு ஒட்டிக்கொள்ளும். வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டு போதும். பாசி, ஓடித் திரியும் ஒரு செல் உயிர்கள் எல்லாம் திரையில் வந்துவிடும். ரீல்ஸுக்கு இதைவிட நல்ல கன்டென்ட் கிடைக்குமா?

படியுங்கள்: எம்ஜினிஃபை என்ற இலவச இணையதளத்தில் உலகெங்கும் எடுத்த மண், தண்ணீர் மாதிரிகளின் அலசல் கிடைக்கிறது. கேலக்ஸி என்ற இணையதளத்தில் கோடிங் தெரியாமலேயே டி.என்.ஏ டேட்டாவை அலசிப் பழகலாம். பயாலஜி படித்தவர் கொஞ்சம் பைத்தானும், கம்ப்யூட்டர் படித்தவர் கொஞ்சம் பயாலஜியும் கற்றுக்கொண்டால் இந்தத் துறையின் வாசல் திறக்கும்.

மண் எடுங்கள்: சாதாரண மண் பரிசோதனைக்கு வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலக்க வேண்டும். வரப்பு, எருக்குழி, மர நிழல் வேண்டாம். நுண்ணுயிர் பரிசோதனை என்றால் கூடுதலாக, சுத்தமான கருவி, சுத்தமான பை, ஐஸ் பெட்டி, சீக்கிரமே லேப் என்று கவனம் வேண்டும்.

எழுதுங்கள்: இதுதான் ரொம்ப முக்கியம். தேதி, மழை, என்ன எருவு, எவ்வளவு, எந்த மரம் எப்போது மஞ்சளாச்சு, எத்தனை காய். மொபைல் நோட்ஸ் ஆப்பிலேயே போதும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர் போட்டு மாசம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ரெண்டு வருஷம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவர் உங்கள் தோப்புக்கு வந்தால், மண்ணைவிட அந்த நோட்டைத்தான் ஆசையாகக் கேட்பார்.

வேர் வாடலின் வில்லனைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நூறு வருஷம் ஆனது. அடுத்த நோயை ஏ.ஐ சீக்கிரமே கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கு நம்ம மண்ணைப் பற்றி யாராவது முதலில் அதற்குச் சொல்லித் தர வேண்டும். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதாமல் வந்தால் நம் பேர் நோட்டில் இருக்காது, இல்லையா? உடுமலை மண்ணின் பேரும் அந்தப் பெரிய நோட்டில் ஏறணும். எழுத வேண்டியது நாமதானுங்க!